யானைக்கு அமைத்த துறை

கரவெட்டிக்குக் கடற்கரை இல்லை. வடக்கே மூன்று நான்கு மைல் நடந்தால் வடமராட்சியின் திறந்த கடலும், தெற்கே வயல்களையும் தரவைகளையும் தாண்டினால் தொண்டைமானாற்றுக் கடனீரேரியும் எதிர்ப்படுமேயன்றி, எங்கள் ஊரின் எந்த ஒழுங்கையும் அலைவாய்க்கரையிற் போய் முடிவதில்லை. ஆயினும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உத்தியோகம் பார்க்கச் சென்றவர்களும், சிதம்பரத்துக்கும் இராமேசுவரத்துக்கும் யாத்திரை போனவர்களும், நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு நேர்த்தி வைத்தவர்களும் இல்லாத வீடு எங்கள் ஊரில் அக்காலத்தில் அரிதாகவே இருந்தமையால், கடலைத் தினமும் காணாத எங்களுக்கும் ஏதோ ஒரு துறையில் ஏறுவதும் இறங்குவதும் வாழ்க்கையின் ஒரு பகுதியாகவே இருந்துவந்தது.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதத்துத் திருவிழாவுக்காக என் ஆச்சியோடு நயினாதீவு சென்றேன். நெல்லியடியில் விடியப்புறம் பஸ் ஏறி, வல்லை வெளியைக் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்து, அங்கிருந்து வேறொரு பஸ்ஸிற் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் வரை சென்ற அந்த நெடிய பிரயாணத்தில், முழங்கால் வாதத்தால் வருந்திய ஆச்சி ஒருமுறையேனும் முகஞ் சுளித்தாரில்லை. துறைமேடையின் விளிம்பில் வந்து நின்று, கீழே ஏறியும் தாழ்ந்தும் அசைந்துகொண்டிருந்த வள்ளத்தைப் பார்த்தபோதுதான் அவருடைய கை என் தோளை இறுகப் பற்றியது. வள்ளத்தில் நின்ற ஒருவர், "ஆச்சி, பயப்பிடாதேங்கோ, அலை ஏறி வரட்டும், நான் சொல்லேக்கை காலை வையுங்கோ" என்றார். அலை இரண்டு முறை ஏறி வந்தும் ஆச்சியின் கால் எழவில்லை. மூன்றாம் முறை அவரும் இன்னொருவருமாகக் கைகளைக் கோத்து, ஆச்சியைப் பூக்கூடை போலத் தூக்கி இறக்கினார்கள். அம்மன் சந்நிதியில் ஆச்சி என்ன வேண்டிக்கொண்டார் என்பதை நான் அறியேன்; திரும்பும் வழியில் அவர் சொன்னது, "இனி நான் வரமாட்டன் ராசா" என்பதே. அதன்பின் அவர் வரவும் இல்லை. ஒரு முழத்துக்கும் குறைவான அந்த இடைவெளி, கரவெட்டிக்கும் நயினாதீவுக்கும் இடையிலுள்ள தூரம் முழுவதினும் பெரிதாய் இருந்துவிட்டது. அந்த முழத்தின் சரித்திரத்தை எழுதவேண்டும் என்ற எண்ணம் அன்று தொட்டே என்னிடம் இருந்துவருகின்றது.

துறை என்னும் சொல்லை நாம் ஊர்ப்பெயரின் ஈற்றில் வைத்து வழங்கிப் பழகிவிட்டபடியால் அதன் பொருளை நின்று நினைப்பதில்லை. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை, கொழும்புத்துறை, ஊர்காவற்றுறை எனக் குடாநாட்டின் விளிம்பெங்கும் இப்பெயர் தொடர்கின்றது. ஆற்றில் நீராட இறங்கும் இடமும் துறை. குளத்திற் சலவைக்கு இறங்கும் இடமும் துறை. ஓடம் அணையும் இடமும் துறை. நிலத்திலிருந்து நீருக்குக் கால் பிசகாமல் இறங்கத்தக்க இடம் என்பதே இவை அனைத்துக்கும் பொதுவான கருத்து. ஆகவே இறங்குவோனை முன்னிட்டுப் பிறந்த சொல் இது. கப்பலை முன்னிட்டுப் பிறந்த சொற்கள் வேறு. குளத்துப் படித்துறையிற் படிகளைத் தாழவும் அகலவும் அமைத்த சிற்பிகளுக்கு முதியோரும் கர்ப்பிணிகளும் சிறுவரும் நீராட வருவார்கள் என்ற பிரக்ஞை இருந்தது. கடற்றுறையில் மாத்திரம் அந்தப் பிரக்ஞை எப்படியோ தேய்ந்துபோயிற்று.

இனி ஊர்காவற்றுறையைக் காண்போம். இந்தக் கதையின் செழுமையான பகுதி அங்கேதான் இருக்கின்றது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்தில், 12ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் ஒன்று உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனைப் பதிப்பித்து ஆராய்ந்தார். பரதேசிகள், அதாவது பிறநாட்டார், ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும் என்றும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படவேண்டும் என்றும், பல துறைகளிலுமிருந்து அவர்கள் வந்து கூடவேண்டும் என்றும் அச்சாசனம் விதிக்கின்றது. அதனினும் சுவையான பகுதி ஒன்று அதில் உண்டு. அரசனுக்கு யானையும் குதிரையும் பிரியமானவை. ஆதலால் அவற்றைக் கொண்டுவரும் மரக்கலம் கெட்டுப்போனால் நாலில் ஒரு பங்கை மாத்திரம் பண்டாரம் கொண்டு, மீதி மூன்று பங்கையும் உடையவனுக்கே விட்டுவிடும். வேறு சரக்குகளைக் கொண்டுவரும் மரக்கலம் கெட்டாற் பண்டாரத்துக்குப் பாதி, உடையவனுக்குப் பாதி. ஊராத்துறை என அதிற் குறிக்கப்படுவது இன்றைய ஊர்காவற்றுறையே. பராக்கிரமபாகு படைகளைத் திரட்டிக் கப்பல் கட்டுவித்த இடங்களுள் ஒன்றாக இதே ஊராத்துறையைச் சோழன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுச் சாசனமும் கூறுகின்றது. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகவே இத்துறை பிரசித்தி பெற்றிருந்தது என்பதற்கு இவ்விரண்டு கற்களும் சாட்சியாகும்.

பின்னர் வந்த போர்த்துக்கீசர் இவ்விடத்தை யானைகளின் துறைமேடை என்று பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். துறைமேடையைக் குறிக்கும் அவர்களுடைய காயிஷ் என்ற சொல்லே ஆங்கிலேயர் வாயிற் கயிற்ஸ் ஆகி, இன்றும் அவ்வூரின் ஆங்கிலப் பெயராக நிலைத்திருக்கின்றது. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள், ஆனையிறவுக் களப்பைக் கடந்து குடாநாட்டுக்குள் ஓட்டிவரப்பட்டு, இத்துறையில் மரக்கலம் ஏறி வங்காளத்துக்கும் கோல்கொண்டாவுக்கும் போயின. ஒல்லாந்தர் காலத்திலும் யாழ்ப்பாணத்து யானை வியாபாரம் கொம்பனியின் பெருவருவாய்களுள் ஒன்றாக விளங்கிற்று.

இங்கே வாசகர் சற்று நின்று யோசிக்கவேண்டும் என்று விரும்புகின்றேன். யானை எவ்வளவு பலமுள்ள பிராணியாயினும் அதனாற் பாய முடியாது. நான்கு கால்களும் ஒரே கணத்தில் நிலத்தை விட்டெழுவது அதன் தேகக் கட்டுக்கு இயல்வதன்று. ஆடும் கலத்துக்கும் அசையாத கரைக்கும் இடையே ஒரு முழ வெளி இருந்தாலும், யானை அந்த வெளியின் முன்னே நின்றுவிடும். ஆகவே யானையை நடத்தி ஏற்றிய துறை எதுவாயினும், அங்கே கரையின் மட்டமும் கலத்தின் மட்டமும் ஒன்றோடொன்று இசைந்திருக்கவேண்டும். இடைவெளி திண்ணிய பலகைகளால் மூடப்பட்டிருக்கவேண்டும். கால் வைக்கும் தளம் அசையாது என்ற நம்பிக்கை அந்தப் பிராணிக்கு உண்டாகவேண்டும். இவை அனைத்தையும் அக்காலத்தார் செய்திருக்கவேண்டும்; செய்யாமல் அந்தத் துறைமேடையில் யானையை நடத்தி ஏற்றியிருப்பது அரிது. பாய முடியாமை என்ற ஒன்றில் யானையும் என் ஆச்சியும் ஒரே நிலையினர். யானைக்காக அமைந்த அந்தச் சமமட்டம் ஆச்சிக்காக ஏன் அமையவில்லை என்பதற்கு, யானைக்கு விலை இருந்தது என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வடமராட்சிக் கரையின் கதை இதற்கு வேறானது. பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் கரையை ஒட்டி முருகைக்கற் பார் நீண்டு கிடப்பதாற் பெருங்கலங்கள் கரையை நெருங்குவதில்லை. போர்த்துக்கீசர் பருத்தித்துறை முனைக்குக் கல்முனை என்ற பொருளிற் பெயரிட்டதும் இந்தக் கற்களைக் கண்டே. கலங்கள் ஆழ்நீரில் நங்கூரமிட்டு நிற்க, வள்ளங்களும் வத்தைகளும் பாரிடையே உள்ள வழியாகச் சென்று சரக்கை ஏற்றி இறக்கும். கடைசிச் சில பாகத்தூரம் மனிதரே இடுப்பளவு நீரில் நின்று சுமப்பர். மலையாளத்துக்குப் போன புகையிலைச் சிப்பமும், இந்தியக் கரையிலிருந்து வந்த நெல்லும் ஓடும் இவ்வாறே தோள்மீது கடல் கடந்தன. அத்தகைய வெறுங் கரையிலிருந்தே வல்வெட்டித்துறைக் கடலோடிகள் உலகம் வியக்கும் காரியம் ஒன்றைச் செய்தார்கள். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற இரு பாய்மரக் கப்பலை றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்ட, அவ்வூர் மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று 1938இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாகாணத்துக் குளொஸ்ரர் துறையிற் சேர்த்தனர். கடலை வென்ற அந்த ஊரிற் கலத்திலிருந்து கரைக்கு இறங்க மனிதத் தோளைத் தவிர வேறு மேடை இல்லாதிருந்தது என்பதை நினைக்கும்போது பெருமையும் துயரமும் ஒருங்கே எழுகின்றன.

இந்நிலை எமக்கு மாத்திரம் உரியதன்று. சென்னைப் பட்டினத்திலே, கவர்னர் முதலாகக் கடைநிலைச் சிப்பாய் ஈறாக எவர் வந்திறங்கினாலும், ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் நுரைத்தெழும் அலைகளைக் கடந்து, இறுதியிற் படகோட்டிகளின் தோளிலோ நாற்காலியிலோ தூக்கப்பட்டே மணலிற் கால் வைத்தனர். திருகாணி போன்ற அடியுடைய இரும்புத் தூண்களின் மேல் ஆயிரம் அடிக்கு மேல் நீண்ட மேடை ஒன்று 1861இல் அங்கே கடலுக்குட் செலுத்தப்பட்ட பின்னரே அலைமோதும் பகுதியைக் காலால் நடந்து கடக்க வழி பிறந்தது. அதனையும் 1872ஆம் ஆண்டுப் புயல் உடைத்தது. தோளில் ஏற்றப்பட்ட காலத்திற் பலசாலியும் நோயாளியும் ஒரே விதமாகவே இறங்கினார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். மேடை வந்த பின்னரே, நடக்க வல்லவன் ஒரு பிரிவாகவும் நடக்க மாட்டாதவன் வேறொரு பிரிவாகவும் ஆயினர். நாகரிகம் முன்னேறும்போது அதனோடு சேர்ந்து நடக்க முடியாதவரைப் பற்றித் தனியே சிந்தித்தாலன்றி, அவர் முன்னிருந்த நிலையினும் பின்தள்ளப்படுகின்றார்.

எம்மவர் அறிந்த துறைகளுள் மிகவும் சௌகரியமாக இருந்தது தலைமன்னாரே என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபோது, இரு கரையிலும் புகைவண்டிப் பாதையைத் துறைமேடையின் மேலேயே கொண்டு சென்றனர். வண்டியை விட்டு இறங்கியவர் சில அடி நடந்து கப்பலில் ஏறினார். இருபது மைல் அளவான கடலைக் கடந்ததும் அங்கும் அவ்வாறே. ஆர்வின், கோஷன் என்ற கப்பற் பெயர்களை எங்கள் பாட்டன்மார் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் போலச் சொல்லுவார்கள். பெட்டி படுக்கையோடும் கைக்குழந்தையோடும் நடமாட இயலாத கிழவரோடும் சிதம்பர தரிசனத்துக்குக் குடும்பம் முழுவதும் போய்வர முடிந்தது, வண்டிக்கும் கலத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைத்த அந்த ஒரு யுக்தியினாலேயே. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவிற் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த சேவையும் யுத்தம் தொடங்கிய காலத்தில் நின்றது. 2023 அக்டோபர் 14இல் நாகபட்டினத்திலிருந்து செரியபாணி என்ற கலம் காங்கேசன்துறைக்கு வரும் வரையில், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் எங்கள் வடகரைக்கும் எதிர்க்கரைக்கும் இடையே வழமையான பிரயாணிக் கப்பற் சேவை இல்லாதிருந்தது.

தீவுகளின் பக்கம் திரும்பினால், அங்கே ஒவ்வொரு பாலமும் ஒரு துறையை ஒழித்த கதையாகவே இருக்கின்றது. பண்ணைப் பாலம் வேலணையைப் பட்டினத்தோடு இணைத்தது. வாணர் சகோதரரின் பெருமுயற்சியை நினைவூட்டி அவர்கள் பெயராலேயே வழங்கும் தாம்போதி புங்குடுதீவை வேலணையோடு இணைத்தது. அதனாற் குறிகட்டுவான் கடைசித் துறையாயிற்று. அங்கிருந்து நயினாதீவுக்குக் கால் மணி நேரப் பயணம்; நெடுந்தீவின் மாவலித்துறைக்கு ஒரு மணி நேரம். நெடுந்தீவு மக்களுக்குக் குமுதினி என்ற படகின் பெயர் உறவினர் பெயரைப் போன்றது. 1985 மே 15ஆம் நாள், நடுக்கடலில் அந்தப் படகிற் பிரயாணிகள் இருபதுக்கு மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆசிரியர், வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளி, குழந்தை ஏந்திய தாய் ஆகிய அனைவருக்கும் உயிர்நாடியான ஒரு படகு அத்தகைய நினைவையும் சுமந்து தொடர்ந்து ஓடியது என்பதை எழுதும்போது எழுதுகோல் நடுங்குகின்றது.

கடலைக் குறை சொல்லி இத்துறைகளின் குறையை மறைக்க இயலாது. பாக்கு நீரிணையிற் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றடிக்கும் குறைவு. இங்கிலாந்தின் செவேர்ண் முகத்துவாரத்திலே அது நாற்பதடியைத் தாண்டும். அங்கே காலையில் மேடையோடு சமமாக நின்ற கப்பல் மாலையில் மரத்துயரம் கீழே கிடக்கும். அவர்கள் மிதவைத் தளங்களையும் கீல் வைத்த நடைபாலங்களையும் ஆக்கிக்கொண்டதற்கு அந்த நிர்ப்பந்தமே காரணம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சரிவு இருந்தாற் சக்கர நாற்காலி ஏறும் என்பது உலகம் ஒப்பிய அளவு. அக்கணக்கின்படி எங்கள் மூன்றடிக்கு முப்பத்தாறடிச் சரிவு போதும். கலத்தோடு சேர்ந்து தானும் ஏறி இறங்கும் ஒரு மிதவைத் தளமும், அதனைக் கரையோடு பிணைக்கும் முப்பத்தாறடி நடைபாலமும், இரு பக்கமும் கைபிடிக் கம்பியும் இருக்குமாயின், சோளகக் காற்று அடிக்கும் ஆனி ஆடியிலும் ஆச்சிமார் அலையை எண்ணிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. திருவிழாவும் சோளகமும் ஒரே காலத்தில் வருவதை இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். கடல் மிகவும் ஆடும் மாதத்திலேயே முதியோர் மிகுதியாக வருகின்றனர்.

எங்கள் துறைகளோடு சேர்த்து நினைக்கத்தக்க தூரதேசத்து அநுபவம் ஒன்றும் உண்டு. 2023 ஜூன் 16ஆம் நாள், எம்பிரஸ் என்ற உல்லாசப் பிரயாணக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. இந்தியாவின் கோர்டீலியா நிறுவனத்திடம் வருமுன் அது அமெரிக்காவின் றோயல் கரீபியன் நிறுவனத்துக்குச் சொந்தமாய் இருந்தது. 1990இல் முதன்முதலாக ஓடத் தொடங்கியபோது மயாமியிலிருந்து பகாமாத் தீவுகளுக்குச் சென்றுவந்த கப்பல் அது. அத்தீவுகளில் உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் தமக்கெனச் சிறு தீவுகளைக் கொள்ளும் வழக்கத்தை நோர்வீஜியன் நிறுவனம் 1977இல் தொடங்கிவைத்தது. மணலும் வெயிலும் நீலக்கடலும் அங்கே நிறைய இருந்தன; கப்பல் அணையும் மேடை மாத்திரம் இல்லை. பெருங்கப்பல் வெளியே நங்கூரமிட, பிரயாணிகள் சிறு படகுகளுக்கு மாறியே கரை சேர்ந்தனர். கடல் சற்றுக் கொந்தளித்தாலும் சக்கர நாற்காலியில் இருப்பவர் கப்பலிலேயே தங்கிவிட நேர்ந்தது. பெரும் பணம் செலவிட்டு வந்தவரும் தீவைத் தூரத்திலிருந்தே பார்த்துத் திரும்பினர். 1998இல் டிஸ்னி நிறுவனம் தன் தீவைத் திறந்தபோது கடலை ஆழமாக்கிக் கப்பலை நேரே மேடையோடு அணைத்தது. மணலிற் புதையாத பெருஞ்சில்லு நாற்காலிகளையும் அங்கே வைத்தது. றோயல் கரீபியன் நிறுவனமும் தன் கோகோகே தீவிற் பின்னர் நீண்ட மேடை ஒன்றைக் கட்டிற்று. வியாபார நோக்கம் அதில் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. மேடை இருந்தாற் கூடுதலானோர் இறங்குவர், கூடுதலாகச் செலவிடுவர். ஆயினும் கப்பலின் கதவும் மேடையின் தளமும் ஒன்றோடொன்று இசைந்தவுடன், அதுவரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கூட்டம் முழுவதும் தீவில் இறங்கிவிட்டது. பகாமாவில் நேர்ந்ததும் ஊர்காவற்றுறையில் யானைகளுக்கு நேர்ந்ததும் ஒன்றே.

சட்டமும் எம்மிடம் இல்லாமல் இல்லை. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், பொது இடங்களுக்குள் அவர்கள் செல்வதற்கான வசதிகளைப் பற்றிய 2006ஆம் ஆண்டின் பிரமாணங்களும், அவற்றை நிறைவேற்றும்படி 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளையும் இருக்கின்றன. 2016இல் இலங்கை, வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையையும் ஏற்றுக்கொண்டது. யுத்தம் பலரின் கால்களைக் கொண்டுபோன ஒரு மாகாணத்தில், இவ்வேற்பாடுகள் கட்டடங்களின் வாயிற்படியோடு நின்றுவிடாமல் நீர்விளிம்பு வரை செல்லவேண்டும் என்று கேட்பது அதிகமான கோரிக்கையாகுமா?

சமமட்டத்தை எங்கள் மக்கள் அறியாதவர்கள் அல்லர். இலங்கைத் தமிழிற் பாதை என்ற சொல்லுக்கு வழி என்பதோடு வேறு ஒரு பொருளும் உண்டு. வண்டியும் மாடும் மனிதரும் ஒருங்கே ஏறிக் களப்பைக் கடக்கும் தட்டையான மிதவையையும் நாம் பாதை என்றே சொல்லுகின்றோம். நிலத்து வழி அறுந்த இடத்தில் நீரின்மேல் அது தொடர்கின்றது என்ற கருத்தை ஒரே சொல்லில் வைத்த அந்த மொழிவழக்கை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்திருக்கின்றேன். பாதைக்குப் படி இல்லை; கரையிற் பலகை சாய்ந்ததும் சில்லு உள்ளது எதுவும் உருண்டு ஏறிவிடும். அதுவும் ஆபத்துக்கு அப்பாற்பட்டதன்று. 2021 நவம்பர் 23இல் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் அத்தகைய மிதவை ஒன்று கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. கைபிடியும் காவலும் ஏற்றத்தின் அளவும் அதற்கு அவசியம்.

சென்ற முறை ஊர்காவற்றுறைக்குச் சென்றபோது, காரைநகருக்குப் போகும் பாதை கரையோடு வந்து அணைவதை நின்று பார்த்தேன். எதிரே களப்பின் நடுவில் பழைய கடற்கோட்டை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. முதலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ஏறின. பின் மீன்பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று. கடைசியாக, கையாற் சுற்றி ஓட்டும் முச்சக்கர வண்டியில் வயது முதிர்ந்த ஒருவர் வந்தார். மடியிற் குடையும், பால்மா வாங்கிய பையும் இருந்தன. பலகையருகே அவர் நிற்கவில்லை. எவரையும் அழைக்கவும் இல்லை. கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றினார். வண்டி பலகையின்மேல் ஏறி, மிதவையின் நடுவே சென்று நின்றது. குடையை விரித்துக்கொண்டு அவர் காரைநகர்ப் பக்கம் பார்த்தபடி இருந்தார்.